காலேஜ் போகும் பிள்ளைக்கு இன்சுலின் ஊசியா? ரூம்மேட்டிடம் மட்டும் மறைக்காதீங்க!

காரைக்குடி:

பிளஸ்-2 ரிசல்ட் வந்து, அட்மிஷன் முடிந்து, ஜூன் மாதம் நெருங்கினால் செட்டிநாட்டு கிராமங்களில் பெட்டி கட்டும் சீசன் ஆரம்பித்து விடும். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் தாலுகாவில் உள்ள இளையாத்தங்குடியும் அதற்கு விதிவிலக்கு இல்லை. கைலாசநாதர்-நித்யகல்யாணி கோவிலில் ஒரு அர்ச்சனை போட்டுவிட்டு காரைக்குடி, மதுரை, திருச்சி, சென்னை என்று பிள்ளைகள் கிளம்பி விடுவார்கள். பக்கெட், போர்வை, ஊறுகாய் பாட்டில் என்று அம்மாக்கள் பார்த்துப் பார்த்து கட்டிக் கொடுப்பார்கள்.

ஆனால் சில வீடுகளில் அந்த பெட்டியில் இன்னொரு பொருளும் ஏறும். அது இன்சுலின் ஊசி மருந்து.

சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளுக்கு இதுவரை ஊசி போட்டது, ராத்திரி எழுப்பி சுகர் பார்த்தது, டிபன் பாக்சில் அளந்து வைத்தது எல்லாம் பெரும்பாலும் அம்மாதான். ஹாஸ்டலுக்கு போனபிறகு அந்த வேலை முழுவதும் 17, 18 வயது பிள்ளையின் தலையில் விழுகிறது. அது முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் சில விஷயங்களை வீட்டிலேயே பழகிவிட்டு போகவேண்டும். அதில் முதல் விஷயம், நோயை மறைக்காமல் இருப்பது.

இது அந்த சுகர் இல்லை

சர்க்கரை நோய் என்றதும் 50 வயது தாண்டிய மாமா, காபியில் சீனி போடாதே என்று சொல்லும் காட்சிதான் நமக்கு நினைவுக்கு வரும். அது டைப்-2 சர்க்கரை நோய். நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்திய ஆய்வு 2023-ம் ஆண்டு சொன்னது. அதில் பெரும்பாலானவர்கள் இந்த வகைதான்.

சின்ன பிள்ளைகளுக்கு அதிகமாக வருவது டைப்-1. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தவறுதலாக கணையத்தில் உள்ள இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்து விடுகிறது. அதனால் இன்சுலின் கிட்டத்தட்ட சுரப்பதே இல்லை. வெளியில் இருந்து ஊசியாகத்தான் கொடுத்தாக வேண்டும். மாத்திரை மட்டும் போட்டு சமாளிக்க முடியாது.

மிட்டாய் நிறைய தின்றதால் இது வருவதில்லை. பெற்றோர் செய்த தப்பும் இல்லை. ஒட்டுவாரொட்டியும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் அடுத்தவருக்கு தொற்றாது.

"ஒரு மண்டலம் கஷாயம் குடி, ஊசியே தேவைப்படாது" என்று யாராவது சொன்னால் உஷார். டைப்-1 பிள்ளைக்கு இன்சுலினை அடியோடு நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் சாப்பிட்டால் சுகர் ஏறாது என்பதும் தப்பு. எல்லாமே ஏற்றும்.

உலகத்திலேயே டைப்-1 உள்ள 20 வயதுக்கு உட்பட்டவர்கள் அதிகம் பேர் இருக்கும் நாடு இந்தியாதான் என்று சர்வதேச சர்க்கரை நோய் கூட்டமைப்பு 2021-ல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. 2 லட்சத்துக்கும் மேல். ஆகவே, "எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று மூலையில் உட்கார்ந்து அழ வேண்டியதில்லை.

14 வயது பையன்

100 வருடத்துக்கு முன்னால் நிலைமையே வேறு. அப்போது இந்த நோய் வந்த பிள்ளைகளை பட்டினி போட்டு சில மாதம், சில வருடம் என்று நாளைத் தள்ளினார்கள். வேறு வழி கிடையாது. 1921-ல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பேன்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினை பிரித்து எடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயது பையனுக்கு முதன்முதலாக அது ஊசியாக போடப்பட்டது. எலும்பும் தோலுமாக கிடந்த அந்தப் பையன் பிழைத்து, மேலும் 13 வருடம் வாழ்ந்தான்.

இன்றைக்கு மருந்தும் கருவியும் எவ்வளவோ மாறிவிட்டது. கிரிக்கெட் ரசிகர்களுக்கு வாசிம் அக்ரமை தெரியாமல் இருக்காது. 1997-ல், 30 வயதை ஒட்டி, அவருக்கு சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டே 2003 வரை ஆடினார். ஒருநாள் போட்டியில் 500 விக்கெட் எடுத்த முதல் பவுலர் என்ற சாதனையை 2003 உலக கோப்பையில் செய்தார். ஊசி போட்டுக்கொண்டே உலக கோப்பை ஆட முடியும் என்றால் பி.காம். படிக்க முடியாதா?

லீவிலேயே ஒத்திகை

காலேஜ் திறக்கும் அன்றைக்கு எல்லாவற்றையும் பிள்ளை தலையில் கட்டக்கூடாது. பிளஸ்-2 பரீட்சை முடிந்த லீவிலேயே ஒத்திகை ஆரம்பித்து விடவேண்டும். முதலில் ஊசியை அவனே போடட்டும், அம்மா பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அப்புறம் சுகர் பார்ப்பது, நோட்டில் எழுதுவது, மருந்து தீரும் முன் வாங்குவது, ஆஸ்பத்திரிக்கு போய் டாக்டரிடம் தானே பேசுவது என்று ஒவ்வொன்றாக கைமாற வேண்டும்.

ஊசி போடும் இடத்தை மாற்றி மாற்றி போடவேண்டும். வயிறு, தொடை என்று சுற்றி வரவேண்டும். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் கட்டி மாதிரி தடித்து, மருந்து சரியாக ஏறாது. வீட்டில் அம்மா இதை ஞாபகம் வைத்திருப்பார். ஹாஸ்டலில் யார் ஞாபகப்படுத்துவது? செல்போன் அலாரம்தான்.

ஊசி போட்டுட்டு கியூவில் நிக்காதே

ஹாஸ்டலில் அதிகம் சிக்கல் வருவது மெஸ்சில்தான். ரெகுலர் இன்சுலின், கலவை இன்சுலின் என்று அரசு ஆஸ்பத்திரிகளில் கொடுக்கப்படும் வகைகளை பொதுவாக சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்வார்கள். வீட்டில் இது பிரச்சினை இல்லை. ஊசி போட்டதும் அம்மா இட்லியை எடுத்து வைத்து விடுவார்.

மெஸ்சில் அப்படியா? கேஸ் தீர்ந்து போகும். கியூ நீளும். நம் முறை வரும்போது தோசை தீர்ந்திருக்கும். ஊசி மட்டும் உள்ளே போய் வேலையை ஆரம்பித்திருக்கும். சாப்பாடு இல்லாமல் சுகர் மளமளவென்று இறங்கிவிடும். ஆகவே சாப்பாடு ரெடியா என்று தெரிந்தபிறகே ஊசி. ரூமில் எப்போதும் பிஸ்கெட், வாழைப்பழம், பொரிகடலை ஏதாவது இருக்கவேண்டும். வேகமாக வேலை செய்யும் புதுவகை இன்சுலின் என்றால் சாப்பிடுவதற்கு சற்று முன்னால் போட்டால் போதும். எது தன்னுடைய மருந்து, எவ்வளவு நேரம் முன்னால் போடவேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாண வீட்டில் பால் பணியாரம், கந்தரப்பம் பரிமாறினால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா? அப்படியும் இல்லை. எவ்வளவு சாப்பிட்டால் எவ்வளவு ஊசி என்ற கணக்கை டாக்டரிடமோ, உணவு ஆலோசகரிடமோ கற்றுக்கொண்டால் எப்போதாவது ஒன்று சாப்பிடலாம். கணக்கு தெரியாமல் சாப்பிடுவதுதான் தப்பு.

சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

படித்தவர்களே ஏமாறும் இடம் இது. நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் 2 அளவில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் இருப்பது ஒன்று. 100 யூனிட் இருப்பது இன்னொன்று. 40-க்கு உள்ள சிரிஞ்ச் சிவப்பு மூடி போட்டது. 100-க்கு உள்ள சிரிஞ்ச் ஆரஞ்சு மூடி.

100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் போடவேண்டியதைப் போல இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். மயங்கி விழ இதுவே போதும். மாறாக 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால் பாதிக்கும் குறைவாகத்தான் போகும், சுகர் ஏறிவிடும். புது ஊரில், புது மெடிக்கலில் வாங்கும்போது பாட்டிலில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் கடையை விட்டு நகரக்கூடாது.

ஃபிரிட்ஜ் இல்லாத ரூம்

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவேண்டும். ஃபிரிட்ஜின் கதவுப் பக்கம் போதும். ஃபிரீசரில் வைக்கக்கூடாது. ஒருமுறை உறைந்துவிட்டால் உருகியபிறகும் அதை போடக்கூடாது. திறந்த பாட்டிலை வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் பொதுவாக 4 வாரம் வரை வைத்து உபயோகிக்கலாம். திறந்த தேதியை பாட்டில் மேலேயே எழுதி வைப்பது நல்லது.

ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊர் ரூமே அடுப்பு மாதிரி கொதிக்கும். அதற்கு பழைய வழி இருக்கிறது. பெரிய மண்பானைக்குள் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சின்ன பானையை வைத்து, பாலிதீன் கவரில் சுற்றிய மருந்தை அதற்குள் வைத்து மூடினால் போதும். மணலை மட்டும் அவ்வப்போது நனைக்க வேண்டும். ஹாஸ்டல் ஆபீசிலோ, மெஸ்சிலோ ஃபிரிட்ஜ் இருந்தால் வார்டனிடம் கேட்டு, பெயர் எழுதிய டப்பாவில் கூடுதல் மருந்தை வைத்துக்கொள்ளலாம்.

பஸ்சில் வரும்போது மருந்தை ஜன்னல் ஓரத்திலோ, என்ஜின் பக்கமோ வைக்கக்கூடாது. பைக் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்தவும் கூடாது. மேலே ஏற்றும் பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். போட்ட ஊசியை ஹாஸ்டல் குப்பைத் தொட்டியில் அப்படியே வீசக்கூடாது. மறுநாள் காலையில் அதில் கைவிடுவது ஒரு துப்புரவு தொழிலாளி. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி, ஆஸ்பத்திரிக்கு போகும்போது கேட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

லோ சுகர்: 15 கிராம், 15 நிமிஷம்

ரத்தத்தில் சர்க்கரை 70-க்கு கீழே இறங்கினால் அது லோ சுகர். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, திடீர் பசி, பார்வை மங்கல் வரும். இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், காரணம் இல்லாமல் கோபம் வரும், தள்ளாடுவார்கள். பார்க்கிறவர்கள், "பையன் தண்ணி போட்டிருக்கான்" என்று ஒதுங்கிப் போய்விடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

செய்ய வேண்டியது சுலபம். உடனே 15 கிராம் சர்க்கரை உள்ளே போகவேண்டும். அதாவது 3 டீஸ்பூன் சீனி அல்லது குளுக்கோஸ் பவுடரை தண்ணீரில் கலக்கி குடிக்க வேண்டும். அல்லது அரை கிளாஸ் ஜூஸ், சாதாரண கூல்டிரிங்க்ஸ். சுகர் இல்லாத டயட் வகை உதவாது. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ஏற நேரம் ஆகும். 15 நிமிஷம் கழித்து மறுபடி சுகர் பார்க்கவேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை அதே மாதிரி. ஏறியபிறகு ஏதாவது டிபன் சாப்பிட வேண்டும்.

மயங்கிவிட்டால் கதை வேறு. வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்து படுக்க வைத்து உடனே 108-க்கு போன் செய்யவேண்டும். இன்சுலின் ஊசி போடவே கூடாது. "சுகர்காரன்தானே, ஊசி போடாததால் மயங்கிட்டான்" என்று நினைத்து யாராவது ஊசியை எடுத்தால் தடுக்க வேண்டும்.

ஏறினாலும் ஆபத்து

காய்ச்சல், வாந்தி வந்து சாப்பிட முடியாத நாளில், "சாப்பிடவே இல்லையே, ஊசி எதுக்கு?" என்று நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு. டைப்-1ல் இது பெரிய தப்பு. உடம்பு சரியில்லாத நேரத்தில் சுகர் தானாகவே ஏறும். இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பைக் கரைத்து கீட்டோன் என்ற அமிலத்தை ரத்தத்தில் சேர்க்கும். தீராத தாகம், வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழவாடை ஆகியவை இதன் அறிகுறிகள். இப்படி இருந்தால் மாத்திரை போட்டு படுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு போகவேண்டும். காய்ச்சல் நாளில் ஊசி அளவை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைப்பது நல்லது.

உடம்பு இளைக்கும் என்று நினைத்து ஊசியைக் குறைக்கும் பெண் பிள்ளைகளும் உலகம் முழுக்க உண்டு. இளைக்கிறது உண்மைதான். ஆனால் இளைப்பது நோய் முற்றுவதால். அப்படி தெரிந்தால் திட்டாமல், டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

ஏன் மறைக்கிறார்கள்?

இப்போது தலைப்புக்கு வருவோம். பெற்றோரே, "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். "நாளைக்கு கல்யாணம் பேசும்போது யாராவது சொல்லிட்டா?" என்ற பயம். ஆண் பிள்ளைக்கு, "நோயாளின்னு கிண்டல் பண்ணுவானுங்க" என்ற கூச்சம்.

அந்தப் பயத்தை குறை சொல்ல முடியாது. ஊர் அப்படித்தான் பேசுகிறது. ஆனால் மறைப்பதால் என்ன நடக்கும் என்று பாருங்கள். பாத்ரூமில் ஒளிந்து அவசர அவசரமாக ஊசி போடவேண்டும். நாலு பேர் இருந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டும். ராத்திரி 2 மணிக்கு சுகர் இறங்கி வியர்த்துக் கிடந்தால் பக்கத்து கட்டிலில் இருப்பவனுக்கு என்னவென்றே தெரியாது. தூங்குகிறான் என்று நினைப்பான். தெரிந்திருந்தால் 3 டீஸ்பூன் சீனியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

ஊருக்கே தண்டோரா போடச் சொல்லவில்லை. 4 பேருக்கு தெரிந்தால் போதும். ரூம்மேட், வார்டன், வகுப்பு ஆசிரியர், நெருங்கிய ஒரு தோழனோ தோழியோ. சுகர் இறங்கினால் எப்படி தெரியும், சீனி எங்கே இருக்கிறது, மயங்கினால் என்ன செய்யக்கூடாது, வீட்டு போன் நம்பர் என்ன என்ற 4 விஷயத்தை அவர்களுக்கு சொன்னால் 5 நிமிஷத்தில் வேலை முடிந்தது. சேர்க்கும் அன்றைக்கு அப்பாவே வார்டனிடம் டாக்டர் சர்டிபிகேட் நகலைக் கொடுத்துவிடலாம்.

கல்யாணப் பேச்சுக்கு வரும்போது? அங்கேயும் சொல்லிவிடுவதுதான் நல்லது. மறைத்து கட்டிக்கொடுத்து, மாமியார் வீட்டில் ஒளித்து ஊசி போடும் வாழ்க்கை எந்தப் பெண்ணுக்கும் வேண்டாம். சர்க்கரையை கட்டுப்பாட்டில் வைத்து, டாக்டர் யோசனைப்படி நடந்தால் டைப்-1 உள்ள பெண்களும் நல்லபடியாக பிள்ளை பெறுகிறார்கள்.

விளையாட்டு, பாதயாத்திரை, பார்ட்டி

கபடி, ஓட்டப்பந்தயம், என்.சி.சி. எதற்கும் தடை இல்லை. ஆனால் உடற்பயிற்சி சர்க்கரையை இறக்கும். அன்று ராத்திரி தூங்கும்போதுகூட இறங்கலாம். ஆடுவதற்கு முன்னும் பின்னும், படுப்பதற்கு முன்னும் சுகர் பார்க்கவேண்டும்.

தைப்பூசத்துக்கு குன்றக்குடி வழியாக பழனிக்கு நகரத்தார் காவடியோடு நடக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். நாள் கணக்கில் நடக்கும்போது வழக்கமான ஊசி அளவே அதிகமாகிவிடலாம். கிளம்பும் முன் டாக்டரை பார்த்து அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மடியில் குளுக்கோஸ், கூட ஒரு துணை கட்டாயம். காலில் கொப்புளம் வந்தால் அலட்சியம் கூடாது. விரதம் என்று ஊசியையும் சாப்பாட்டையும் சேர்த்து நிறுத்துவது கூடவே கூடாது.

பைக் ஓட்டும் முன்னாலும் ஒரு தடவை சுகர் பார்ப்பது நல்லது. மது பக்கம் போகவே வேண்டாம். குடித்த சில மணி நேரம் கழித்து, தூக்கத்தில் சுகர் இறங்கும். வாடை வருவதால் போதை என்று நினைத்து எழுப்பாமல் விட்டுவிடுவார்கள்.

பரீட்சை ஹால்

3 மணி நேர பரீட்சையில் சுகர் இறங்கினால் தெரிந்த பதிலும் மறந்துவிடும். சர்க்கரை நோய் உள்ள மாணவர்கள் பரீட்சை ஹாலுக்குள் சுகர் மாத்திரை, பழம், தண்ணீர் பாட்டில் கொண்டுவர சி.பி.எஸ்.இ. 2017-ல் அனுமதி கொடுத்தது. என்ஜினீயரிங் நுழைவுத்தேர்வான ஜே.இ.இ.யிலும் இந்த வசதி உண்டு. காலேஜ் பரீட்சை என்றால் டாக்டர் சர்டிபிகேட்டோடு முதல்வருக்கு முன்கூட்டியே மனு கொடுத்து அனுமதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு காலையில் போய் கேட்டால் ஹாலில் நிற்பவருக்கும் தெரியாது, நமக்கும் டென்ஷன்.

எந்த ஆஸ்பத்திரி?

குழந்தைகள் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை இனி பெரியவர்கள் பிரிவுக்கு மாறவேண்டிய வயது இது. பழைய டாக்டரை விட்டாச்சு, புது டாக்டரை பார்க்கலை என்று பல பிள்ளைகள் நடுவில் விட்டுவிடுவது இந்த சமயத்தில்தான். ஊரை விட்டு கிளம்பும் முன் பழைய டாக்டரிடம் மருந்து பெயர், அளவு, கடைசி ரத்தப் பரிசோதனை எல்லாம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரிகளில் இன்சுலின் இலவசமாக கொடுக்கப்படுகிறது. காரைக்குடியில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. சிவகங்கை, மதுரை, திருச்சியில் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. காலேஜ் சேர்ந்த முதல் வாரத்திலேயே பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு போய் சீட்டு போட்டு வைத்துவிட்டால், மருந்து தீர்ந்தபிறகு ஓடவேண்டியதில்லை. 3 மாதத்துக்கு ஒரு தடவை எச்.பி.ஏ.1.சி. என்ற சராசரி சர்க்கரை பரிசோதனை, டாக்டர் சொன்னபடி வருடத்துக்கு ஒருமுறை கண், சிறுநீரகம், கால் பரிசோதனை அவசியம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தினமும் போன் போட்டதும், "சுகர் எவ்வளவு?" என்று கேட்டால் பிள்ளை பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். முதலில் "சாப்பிட்டியா, கிளாஸ் எப்படி போச்சு?" என்று கேளுங்கள். 250 என்று சொன்னால் கத்தாமல், "சரி, இப்ப என்ன செய்யப்போறே?" என்று கேளுங்கள். உண்மையைச் சொன்னால் திட்டு விழாது என்று தெரிந்தால்தான் பிள்ளை உண்மையைச் சொல்லும்.

பர்சில் ஒரு சீட்டு

கடைசியாக, 10 பைசா செலவில்லாத ஒரு வேலை. கீழே உள்ளதை ஒரு அட்டையில் எழுதி, பர்சிலும் ஐ.டி. கார்டுக்கு பின்னாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

"எனக்கு டைப்-1 சர்க்கரை நோய் இருக்கிறது. இன்சுலின் போடுகிறேன். நான் தடுமாறினால், குழறினால் அது போதை அல்ல. நினைவு இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருக்களித்து படுக்கவைத்து 108-க்கு போன் செய்யுங்கள். வீட்டு போன் நம்பர்: ..."

நம்பரை மட்டும் நிரப்பிக் கொள்ளுங்கள். பெட்டி கட்டும்போது முதலில் இதை எடுத்து வையுங்கள், ஊறுகாய் அப்புறம்.